விளைச்சலை அளந்தவர்: ஹென்றி வாலஸும் 1948 அதிபர் தேர்தலும்

1948 நவம்பர் 2 அன்று நடந்த அமெரிக்க அதிபர் தேர்தலில் கணக்கில் கொள்ளத்தக்க வாக்குகளைப் பெற்றவர்கள் நான்கு பேர். ஜனநாயகக் கட்சியின் ஹாரி ட்ரூமன் வென்றார். குடியரசுக் கட்சியின் தாமஸ் டியூவி தோற்றார். வெள்ளையரும் கறுப்பரும் பிரிந்தே வாழ வேண்டும் என்பதைக் காப்பாற்றவே களம் இறங்கிய தென்கரோலினா ஆளுநர் ஸ்ட்ராம் தர்மண்ட் சுமார் 11 லட்சத்து 70 ஆயிரம் வாக்குகளும் 39 தேர்வாளர் வாக்குகளும் பெற்றார். அந்தப் பிரிவினையை அடியோடு ஒழிப்போம் என்ற முற்போக்குக் கட்சியின் ஹென்றி வாலஸும் ஏறக்குறைய அதே அளவு, 11 லட்சத்து 57 ஆயிரம் வாக்குகள் பெற்றார். ஆனால் தேர்வாளர் வாக்கு ஒன்றுகூட அவருக்கு விழவில்லை. அவர் பெற்றதில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் நியூயார்க் என்ற ஒரே மாநிலத்தில் கிடைத்தவை. நான்கு ஆண்டுகளுக்கு முன் நாட்டின் துணை அதிபராக இருந்த ஒருவர் நூற்றுக்கு இரண்டரை வாக்குகூடப் பெறாமல் ஒதுங்கிப்போனார்.

இந்தத் தோல்வியைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் இரண்டு அணி. கம்யூனிஸ்டுகளின் பிடியில் சிக்கிய அப்பாவி என்பது ஓர் அணியின் வாதம். அவர் மட்டும் ட்ரூமனின் இடத்தில் இருந்திருந்தால் பனிப்போரே வந்திருக்காது என்பது மற்ற அணியின் ஏக்கம். இரு அணியினரும் வாலஸின் கதையை 1944இல் தொடங்குகிறார்கள். அதற்கு முந்தைய ஐம்பத்தைந்து ஆண்டுகளை முன்னுரைபோலக் கடந்துவிடுகிறார்கள். என் எண்ணம் வேறு. வாலஸ் அடிப்படையில் ஒரு விவசாய விஞ்ஞானி. அவருடைய பொருளாதாரக் கொள்கை, இனச் சமத்துவம் பற்றிய பிடிவாதம், ரஷ்யாவோடு சமாதானம் என்ற வெளியுறவு நிலைப்பாடு எல்லாமே மக்காச்சோள வயலில் கற்ற ஒரு பழக்கத்திலிருந்து முளைத்தவை. அவர் பெரிதாகச் சறுக்கிய இடங்களும் அந்தப் பழக்கத்தை அவர் கைவிட்ட இடங்கள்தான்.

1888 அக்டோபர் 7 அன்று ஐயோவா மாநிலத்தில் ஓரியன்ட் என்ற சிற்றூரை அடுத்த பண்ணையில் பிறந்தார். அந்தக் குடும்பத்தில் ஹென்றி வாலஸ் என்ற பெயர் தாத்தா, தந்தை, மகன் மூவருக்குமே உண்டு. தாத்தா பிரெஸ்பிட்டேரியன் சபையின் போதகர். பிரசங்க மேடையை விட்டு விவசாயப் பத்திரிகைக்கு வந்தவர். ‘வாலசஸ் ஃபார்மர்’ என்ற அந்த இதழ் ஐயோவா விவசாயக் குடும்பங்களில் வேதப் புத்தகத்துக்கு அருகில் வைத்துப் படிக்கப்பட்டது. தந்தை 1921 முதல் அமெரிக்காவின் வேளாண்துறைச் செயலாளர். விளைபொருளுக்கு நியாயவிலை வேண்டும் என்று அமைச்சரவைக்குள் போராடி, வணிகத்துறைச் செயலாளராக இருந்த ஹெர்பர்ட் ஹூவரோடு ஓயாமல் மோதி, 1924இல் பதவியில் இருக்கும்போதே இறந்தார். அந்த மோதல்தான் தந்தையின் உயிரைக் குடித்தது என்று மகன் நம்பினார். குடியரசுக் கட்சிக் குடும்பத்தில் பிறந்தவர் அந்தக் கட்சியிலிருந்து விலகியதில் இந்தக் காயத்துக்கும் பங்கு உண்டு.

சிறுவயதில் அவருக்குச் செடிகளை அறிமுகப்படுத்தியவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அடிமையாகப் பிறந்து, ஐயோவா வேளாண் கல்லூரியில் படித்து, அங்கேயே ஆசிரியரான கறுப்பினத் தாவரவியலாளர். வாலஸின் தந்தை அதே கல்லூரியில் பாடம் நடத்திய காலம் அது. கார்வர் அந்தச் சிறுவனை அழைத்துக்கொண்டு புல்வெளிகளில் நடப்பார். பூவின் பாகங்களைப் பிரித்துக் காட்டுவார். ‘கறுப்பருக்கு அறிவு குறைவு’ என்று கற்றறிந்த வெள்ளையர்களே பேசித் திரிந்த நாட்டில், தன் முதல் அறிவியல் ஆசான் ஒரு கறுப்பர் என்ற நினைவோடு வளர்ந்தவர் வாலஸ். பிற்காலத்தில் மேடைகளிலும் இதைச் சொன்னார். 1948இல் அவர் எடுத்த நிலைப்பாட்டைத் தேர்தல் உத்தி என்று சுருக்குபவர்கள் இந்த இளமைக்காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அந்நாட்களில் ஐயோவாவில் மக்காச்சோளக் கண்காட்சிகள் திருவிழாபோல நடக்கும். கதிரின் நீளம், வரிசைகளின் நேர்த்தி, மணிகளின் பருமன், நிறம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டுப் பரிசளிப்பார்கள். பரிசு பெற்ற கதிரின் மணிகளை விதைக்கு எடுப்பார்கள். இந்தப் போட்டிகளின் புகழ்பெற்ற நடுவர் பேராசிரியர் பெர்ரி ஹோல்டன். அழகான கதிர்தான் அதிகம் விளையும் என்பதற்கு என்ன ஆதாரம் என்று பள்ளி மாணவனான வாலஸ் கேட்டார். நீயே விதைத்துப் பார் என்று ஹோல்டன் கதிர்களைக் கொடுத்தார். பையன் ஒவ்வொரு கதிரையும் தனித்தனி வரிசையில் விதைத்து, அறுத்து, எடைபோட்டான். நடுவர் முதலிடம் தந்த கதிர் விளைச்சலில் கடைசி வரிசைகளில் ஒன்றாக நின்றது.

தோற்றத்தை நம்பாமல் அளந்து பார்க்கும் பழக்கம் அங்கே பிறந்தது. இந்தச் சோதனை வாழ்க்கைத் தொழிலானது. தற்கலப்பில் வளர்த்த இரண்டு தனி வரிசைகளை ஒட்டுச் சேர்த்தால் பிறக்கும் வீரிய ஒட்டு மக்காச்சோளம் பெற்றோரைவிடப் பல மடங்கு விளையும் என்று ஆய்வகங்களில் கண்டறியப்பட்டிருந்தது. வயலுக்கு அதைக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி வாலஸ். அவருடைய ‘காப்பர் கிராஸ்’ ரகம் 1924இல் ஐயோவா விளைச்சல் போட்டியில் தங்கப்பதக்கம் வென்றது. 1926இல் அவர் தொடங்கிய விதை நிறுவனம்தான் பின்னாளில் ‘பயனியர்’ என்று உலகெங்கும் அறியப்பட்டது. 1933இல் அமெரிக்க மக்காச்சோளப் பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட வீரிய ஒட்டு இல்லை. பத்தே ஆண்டுகளில் ஐயோவாவின் வயல்கள் அனேகமாக முழுவதும் அதற்கு மாறிவிட்டன. இதற்கு ஒரு விலையும் உண்டு. ஒட்டு விதையில் விளைந்ததை மறுபடி விதைத்தால் வீரியம் இறங்கிவிடும். விவசாயி ஆண்டுதோறும் விதைக்குக் காசு கொடுக்க வேண்டும். தனிமுதலாளிகளின் ஆதிக்கத்தைக் கடுமையாகச் சாடிய வாலஸ் உருவாக்கிய இந்தத் தொழில், அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1999இல், டூபான்ட் என்ற பெருநிறுவனத்தின் கைக்குப் போனது. அவருடைய ஆதரவாளர்கள் இந்த முரணை அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டிய முரண் அது.

1933இல் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அவரை வேளாண்துறைச் செயலாளராக்கினார். அப்போது கிராமங்களின் நிலை சொல்லி மாளாது. அந்தக் குளிர்காலத்தில் ஐயோவாவில் ஒரு புஷல் (அமெரிக்கத் தானிய அளவை) மக்காச்சோளம் 10 சென்டுக்கு விற்றது. நிலக்கரி வாங்குவதைவிட மக்காச்சோளத்தை அடுப்பில் எரிப்பது மலிவு என்று எரித்தார்கள். நகரங்களிலோ ரொட்டிக்கு வரிசை நின்றது. விளைவித்தவனுக்கும் விலையில்லை, பசித்தவனுக்கும் சோறில்லை. ‘மிகுதியால் வந்த பஞ்சம்’ என்றுதான் இதைச் சொல்ல முடியும்.

வாலஸ் பதவியேற்ற சில வாரங்களில் நிறைவேறிய வேளாண் சரிப்படுத்தல் சட்டம், சாகுபடியைக் குறைப்பவர்களுக்கு அரசு பணம் தரும் என்றது. ஆனால் சட்டம் வந்தபோது பருத்தி முளைத்துவிட்டது, பன்றிகள் குட்டி போட்டுவிட்டன. ஒரு கோடி ஏக்கர் பருத்தியை உழுது அழித்தார்கள். 60 லட்சம் பன்றிக்குட்டிகளைக் கொன்றார்கள். நாடு அதிர்ந்தது. வாலஸுக்கும் இது உவப்பாக இல்லை. நாகரிகமடைந்த ஒரு சமூகம் செய்ய வெட்கப்பட வேண்டிய காரியம் என்றுதான் அவரும் கருதினார். இறைச்சியில் முடிந்ததை நிவாரணத்துக்கு அனுப்பினார். அழிப்பது ஒருமுறைக்கான வைத்தியம். நிரந்தர ஏற்பாடு வேறு வேண்டும் என்று தேடியபோது அவர் கையில் இருந்தது கன்பூசியப் பொருளாதாரம் குறித்து ஒரு சீன மாணவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எழுதிய ஆய்வேடு. விளைச்சல் மிகுந்த ஆண்டில் அரசு வாங்கிச் சேர்ப்பது, தட்டுப்பாட்டு ஆண்டில் வெளியே விடுவது: பழஞ்சீனத்தின் இந்தக் களஞ்சிய முறையைப் பத்திரிகை ஆசிரியராக இருந்தபோதே அவர் எழுதிவந்தார். 1933 இலையுதிர் காலத்திலேயே அதன் முதல் வடிவம் நடைமுறைக்கு வந்தது. விவசாயி தன் மக்காச்சோளத்தைப் பட்டறையில் பூட்டி முத்திரையிட்டால் புஷலுக்கு 45 சென்ட் கடன் கிடைக்கும். விலை ஏறினால் விற்றுக் கடனை அடைக்கலாம்; ஏறாவிட்டால் தானியத்தை அரசிடமே விட்டுவிட்டுக் கடனை மறந்துவிடலாம். 1936 ஜனவரியில் உச்சநீதிமன்றம் பழைய சட்டத்தை ரத்து செய்தது. 1938இல் வந்த புதிய சட்டத்தில் இந்தக் களஞ்சியம் முறைப்படி இடம்பெற்றது. போர் வந்தபோது அந்தக் கையிருப்பு அமெரிக்காவுக்கும் அதன் நேசநாடுகளுக்கும் உதவியது. குறைந்தபட்ச ஆதரவு விலை, அரசு கொள்முதல், ரேஷன் கடை என்று பழகிய நமக்கு இந்தத் தர்க்கத்தை விளக்கத் தேவையில்லை. 1930களின் அமெரிக்காவில் பலர் இதைப் பொதுவுடைமை என்று அலறினார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஓட்டை ஒன்று இருந்தது. பருத்திச் சாகுபடியைக் குறைத்ததற்கான பணம் நில உடைமையாளர் கைக்குப் போனது. தெற்கு மாநிலங்களில் வாரத்துக்கு உழுத குடும்பங்கள், அவர்களில் கறுப்பர்களும் ஏழை வெள்ளையர்களும், பங்கு கிடைக்காததோடு உழ வேலையும் இல்லாமல் குடிசைகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். தஞ்சாவூர்ப் பண்ணையார்களைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. வேளாண்துறையில் இருந்த ஜெரோம் ஃபிராங்க் தலைமையிலான இளம் வழக்கறிஞர்கள், அதே குடும்பங்களைப் பண்ணையில் வைத்திருந்தால்தான் பணம் என்று ஒப்பந்தத்துக்கு விளக்கம் எழுதினார்கள். தெற்கத்திய செனட்டர்கள் கொதித்தார்கள். 1935 பிப்ரவரியில் வாலஸ் வழக்கறிஞர்களைப் பணிநீக்கம் செய்ய ஒப்புக்கொண்டார். தெற்கின் ஆதரவு இல்லாமல் திட்டமே கவிழ்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அவர் அதுவரை அந்தப் பருத்தி நாட்டை நேரில் போய்ப் பார்த்திருக்கவில்லை. 1936 இறுதியில் சென்று பார்த்துவிட்டு, ஐரோப்பியக் குடியானவர்களிடம்கூட இத்தகைய வறுமையைக் கண்டதில்லை என்று எழுதினார். அடுத்த ஆண்டு உருவான பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம் நிலமற்றவர்களுக்கு நிலம் வாங்கக் கடனும் முகாம்களும் தந்தது. வெளியேற்றப்பட்டவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் அது சொற்பம். அவருடைய பொதுவாழ்வில் நான் மிகக் கடுமையாகக் குறைசொல்லக்கூடிய இடம் இதுதான்.

வாலஸின் துறை கொண்டுவந்த உணவு முத்திரைத் திட்டம் 1939 மே மாதம் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் தொடங்கியது. ஏழைக் குடும்பம் ஒரு டாலருக்கு ஆரஞ்சு முத்திரை வாங்கினால் 50 சென்ட் மதிப்புள்ள நீல முத்திரை இலவசம். நீல முத்திரையால் மிகுதியாக விளைந்த பொருள்களை மட்டும் வாங்கலாம். விவசாயியின் மிகுதியும் ஏழையின் பசியும் ஒரே கடையில் சந்தித்தன.

1940இல் ரூஸ்வெல்ட் அவரைத் துணை அதிபர் வேட்பாளராக்கியபோது கட்சிக்காரர்கள் முறைத்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன்புவரை குடியரசுக் கட்சியில் பதிவு செய்திருந்தவர், சிகரெட், மது தொடாதவர், பேரம் பேசத் தெரியாதவர். அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் சிகாகோ மாநாட்டுக்கு வந்து பேசிச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. தேர்தலில் வென்றதும், பதவியேற்பதற்கு முன்பே, மெக்சிகோவின் புதிய அதிபர் அவிலா காமாச்சோவின் பதவியேற்புக்குக் காரில் சென்றார். வழியெங்கும் நின்று வயல்களைப் பார்த்தார், ஸ்பானிய மொழியில் விவசாயிகளோடு பேசினார். ஐயோவாவில் விளைவதில் மிகச் சிறு பங்குதான் அங்கே ஏக்கருக்கு விளைந்தது. ஊர் திரும்பியவர் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையிடம் மெக்சிகோவின் மக்காச்சோளமும் பயறும் பெருக வழிசெய்யச் சொன்னார். 1943இல் திட்டம் தொடங்கியது. 1944இல் பயிர் விஞ்ஞானி நார்மன் போர்லாக் அதில் சேர்ந்தார். மக்காச்சோளத்துக்காக விதைத்த யோசனை கோதுமையில் பெரிதாக விளைந்தது.

தமிழ் வாசகர்களுக்கு இதன் அடுத்த அத்தியாயம் தெரியும். 1964இல் மத்திய உணவு அமைச்சரான பொள்ளாச்சிப் பகுதியின் சி. சுப்பிரமணியமும், கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனும் அந்தத் திட்டத்தில் உருவான மெக்சிகோ குட்டைக் கோதுமையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். 1966இல் 18,000 டன் விதை கப்பலில் வந்தது. 1965இல் சுப்பிரமணியத்தின் காலத்தில் தொடங்கிய இந்திய உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது. விதையும் களஞ்சியமும் சேர்ந்தே போக வேண்டும் என்பதை இங்கேயும் புரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள்.

துணை அதிபராக வாலஸ் பேசிய பேச்சுகளில் 1942 மே 8 அன்று நியூயார்க்கில் ஆற்றியது உலகைச் சுற்றியது. இந்த நூற்றாண்டு அமெரிக்காவுடையது என்று பத்திரிகை அதிபர் ஹென்றி லூஸ் எழுதியதற்குப் பதிலாக, சாமானிய மனிதனின் நூற்றாண்டாக அது இருக்க வேண்டும், எந்த நாட்டுக்கும் மற்றொரு நாட்டைச் சுரண்டும் உரிமை கிடையாது என்றார். 1943இல் டெட்ராய்ட்டில் இனக்கலவரம் நடந்த சில வாரங்களில் அந்நகருக்கே சென்று, வெளியே நாஜிகளோடு போரிட்டுக்கொண்டு உள்ளே இதைச் சகிக்க முடியாது என்றார். 1944இல் பசிபிக் பகுதி பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். இந்தியா, பர்மா, மலேயா, இந்தோசீனம், டச்சுக்காரர்களின் தீவுகள் எல்லாம் விடுதலை பெற வேண்டும் என்பது அதன் சாரம். அதன் கைப்பிரதி அச்சாகும் முன்பே பிரிட்டிஷ் உளவுத்துறையின் கைக்குப் போனது. ரகசியமாக எடுத்துக் கொடுத்தவர் வாஷிங்டன் தூதரகத்தில் விமானப்படை அதிகாரியாக இருந்த, வாலஸோடு டென்னிஸ் ஆடும் நண்பர்: குழந்தைகளுக்கான கதைகளால் பின்னர் புகழ்பெற்ற ரோல்ட் டால். சர்ச்சில் சினந்தார். இந்திய விடுதலையை இவ்வளவு வெளிப்படையாகப் பேசிய அமெரிக்கத் துணை அதிபரை நம்முடைய வரலாற்று நூல்கள் அனேகமாக மறந்துவிட்டன.

1944 ஜூலையில் சிகாகோவில் கூடிய கட்சி மாநாட்டில் ரூஸ்வெல்ட்டின் உடல்நிலை எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். துணை அதிபரைத் தேர்ந்தெடுப்பது அடுத்த அதிபரைத் தேர்ந்தெடுப்பதே என்று நகரக் கட்சித் தலைவர்கள் உணர்ந்திருந்தார்கள். ரூஸ்வெல்ட் இரண்டு கடிதம் கொடுத்தார்: தான் பிரதிநிதியாக இருந்தால் வாலஸுக்கே வாக்களிப்பேன் என்று ஒன்று, செனட்டர் ட்ரூமனோ உச்சநீதிமன்ற நீதிபதி டக்ளஸோ வந்தாலும் மகிழ்ச்சி என்று மற்றொன்று. வாலஸ் மேடையேறி, வாக்குரிமைக்கு வரி கேட்பது ஒழிய வேண்டும், இனமோ பாலோ பாராமல் சம வேலைக்குச் சம ஊதியம் வேண்டும் என்று தெற்கத்தியப் பிரதிநிதிகளின் முகத்துக்கு நேரே பேசினார். தன்னை ஆதரிக்க வேண்டியவர்களிடம் வாக்குக் கேட்கும் முறை இதுவல்ல. அதற்காகவே அந்தப் பேச்சு மதிக்கத்தக்கது. ஜூலை 20 இரவு அரங்கம் அவர் பெயரை முழங்கியது. ஃபுளோரிடா செனட்டர் கிளாட் பெப்பர் அவர் பெயரை முன்மொழிய மேடையை நோக்கிக் கூட்டத்தில் முண்டியடித்துப் போய்க்கொண்டிருக்கும்போதே அவை ஒத்திவைக்கப்பட்டது. மறுநாள் முதல் சுற்றில் வாலஸுக்கு 429½, ட்ரூமனுக்கு 319½. இடைவேளையில் பேரங்கள் முடிந்தன. இரண்டாம் சுற்றில் ட்ரூமன் வென்றார். துணை அதிபராகி 82ஆம் நாள், 1945 ஏப்ரல் 12 அன்று, ட்ரூமன் அதிபரானார்.

மாநாட்டுக்குச் சற்று முன்பு வாலஸ் சைபீரியா சென்று வந்திருந்தார். 1944 மே மாதம் கோலிமா பகுதியின் மகதானில் அவருக்குச் சோவியத் பாதுகாப்புத் துறையின் ஜெனரல் நிகிஷோவ் விருந்தளித்தார். தங்கச் சுரங்கம், பசுமைக்குடில், குளிர்நாட்டில் விளைந்த காய்கறி எல்லாம் காட்டினார்கள். கைதிகளை மறைத்து, காவல் கோபுரங்களை இறக்கி, கடைகளில் சரக்கை நிரப்பியிருந்தார்கள். பல லட்சம் கைதிகளைக் கண்ட முகாம்களின் நடுவே நின்று, மண்ணையும் தக்காளியையும் பாராட்டிக் குறிப்பெழுதினார் வாலஸ். 1946இல் நூலாகவும் வெளியிட்டார். பரிசு பெற்ற கதிரை நம்ப மறுத்த அதே மனிதர், கண்காட்சிக்கென்று அலங்கரிக்கப்பட்ட ஒரு மாகாணத்தையே நம்பினார். யார் இங்கே மண்வெட்டி பிடிக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. 1935இல் பருத்தி வயல்களைப் பற்றிக் கேட்கத் தவறியதும் ஏறக்குறைய இதே கேள்விதான்.

அவருடைய ஆன்மிகத் தேடலையும் இங்கே சொல்ல வேண்டும். தியாசபி, சோதிடம், கீழைத்தேய ஞானம் என்று ஈடுபட்டு, ரஷ்ய ஓவியர் நிக்கோலஸ் ரோரிக்கைச் சில ஆண்டுகள் குருவாகக் கொண்டார். இமாலயத்தின் குலு பள்ளத்தாக்கில் வாழ்ந்த அதே ரோரிக். வறட்சி தாங்கும் புல்விதை தேட அவரை அரசுச் செலவில் மத்திய ஆசியாவுக்கு அனுப்பினார். ரோரிக் அங்கே அரசியலில் இறங்கியதும் 1935இல் உறவை முறித்தார். குருவை விளித்து எழுதிய பழைய கடிதங்களை 1948இல் எதிரிப் பத்திரிகையாளர் வெஸ்ட்புரூக் பெக்லர் அம்பலமாக்க, வாலஸ் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நேராகச் சொல்லியிருந்தால் ஒரு வாரப் பேச்சோடு போயிருக்கும்.

ட்ரூமன் அமைச்சரவையில் வணிகத்துறைச் செயலாளராக இருந்த வாலஸ் 1946 செப்டம்பர் 12 அன்று நியூயார்க் மேடிசன் சதுக்க அரங்கில் பேசினார். கடுமை காட்டக் காட்ட ரஷ்யாவும் கடுமைதான் காட்டும்; கிழக்கு ஐரோப்பாவில் நமக்குள்ள உரிமை லத்தீன் அமெரிக்காவில் அவர்களுக்குள்ள உரிமை அளவே என்றார். அவர் ரஷ்யாவைக் குறைகூறிய வரிகளுக்கு அரங்கின் இடதுசாரிகள் சீறினார்கள். அன்றைய செய்திகளில் அந்த வரிகள் கரைந்துபோயின. ட்ரூமன் அந்தப் பேச்சை முன்கூட்டியே பார்த்திருந்தார். பாரிசில் பேச்சுவார்த்தையில் இருந்த வெளியுறவுச் செயலாளர் பர்ன்ஸ் எதிர்த்ததும் செப்டம்பர் 20 அன்று வாலஸை நீக்கினார்.

அவருடைய சமாதானக் கொள்கையைப் பலர் வெறும் நல்லெண்ணமாகப் படிக்கிறார்கள். அதற்குள் ஒரு களஞ்சியக் கணக்கு இருந்தது. 1930களின் பட்டினிதான் ஹிட்லருக்கு வழிவிட்டது என்பது அவர் முடிவு. ஆறு கோடிப் பேருக்கு வேலை என்ற இலக்கை வைத்து 1945இல் ஒரு நூலே எழுதினார். அத்தனை வேலைக்கும் சந்தை வேண்டும். போரில் சிதைந்த ரஷ்யாவும் காலனி நுகத்திலிருந்து விடுபடும் ஆசியாவும் சந்தையாக வேண்டும். ஆயுதத்துக்குப் போகும் பணம் அதைக் கெடுக்கும். 1947இல் கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் 40 கோடி டாலர் உதவி என்ற ட்ரூமன் கொள்கையை எதிர்த்ததும், ஐரோப்பிய மறுகட்டுமானம் ஐக்கிய நாடுகள் சபை வழியாக நடக்கட்டும் என்றதும் இதனால்தான். கணக்கில் விட்டுப்போனது ஸ்டாலின் என்ற மனிதர். 1948 பிப்ரவரியில் செக்கோஸ்லோவாக்கியாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றியபோதும், ஜூனில் பெர்லின் முற்றுகை தொடங்கியபோதும் வாலஸ் அமெரிக்காவின் பங்கையே முதலில் தேடினார்.

1947 டிசம்பர் 29 அன்று மூன்றாம் அணி வேட்பாளராக அறிவித்தார். 1948 ஜூலையில் பிலடெல்ஃபியாவில் முற்போக்குக் கட்சி பிறந்தது. துணை அதிபர் வேட்பாளர் ஐடஹோ செனட்டர் க்ளென் டெய்லர், பர்மிங்ஹாமில் கறுப்பருக்கென்று ஒதுக்கிய வாசல் வழியே கூட்டத்துக்குள் நுழைந்ததற்காகக் கைதானவர். கறுப்பினப் பாடகர் பால் ராப்சனும் அறிஞர் டுபாய்ஸும் ஆதரித்தார்கள். பின்னாளில் மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவியான கொரெட்டா ஸ்காட் கல்லூரி மாணவியாக வந்திருந்தார். 1972இல் அதிபர் வேட்பாளரான ஜார்ஜ் மெக்கவர்னும் வந்திருந்தார்.

கட்சியின் கொள்கை அறிக்கை நீண்டது. நிறப் பிரிவினையும் வாக்குரிமை வரியும் ஒழிய வேண்டும்; கும்பல் கொலைக்கு எதிராக மத்தியச் சட்டம்; 18 வயதில் வாக்குரிமை; மணிக்கு ஒரு டாலர் குறைந்தபட்சக் கூலி; எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு; தொழிற்சங்கங்களைக் கட்டிப்போட்ட டாஃப்ட்-ஹார்ட்லி சட்டத்தை நீக்குதல்; பெரிய வங்கிகள், ரயில், மின்சாரம் பொதுவுடைமை; அணு ஆயுதங்களுக்குச் சர்வதேசக் கட்டுப்பாடு; போர்க்காலத்தில் அடைத்துவைக்கப்பட்ட ஜப்பானிய வம்சாவளியினருக்கு இழப்பீடு. வெளியுறவுப் பகுதி ரஷ்யாவுக்குச் சாதகமாகச் சாய்ந்திருந்தது. எந்த நாட்டின் வெளியுறவுக் கொள்கைக்கும் நாங்கள் முழு ஒப்புதல் தரவில்லை என்று ஒரு வரி சேர்க்க வெர்மான்ட் பிரதிநிதிகள் கேட்டார்கள். மாநாடு அதை நிராகரித்தது. கம்யூனிஸ்டுகளின் கட்சி என்ற குற்றச்சாட்டுக்கு அதைவிட நல்ல சாட்சியம் எதிரிகளுக்குத் தேவைப்படவில்லை.

கம்யூனிஸ்டுகள் இருந்தார்களா? இருந்தார்கள், முக்கியமான இடங்களில். கட்சியின் சட்ட ஆலோசகர் ஜான் ஆப்ட், அறிக்கைக் குழுவின் லீ பிரெஸ்மன் இருவரும் வாலஸின் வேளாண்துறையில் வழக்கறிஞர்களாக இருந்தவர்கள், கம்யூனிஸ்டுகளோடு நெருங்கிய தொடர்புடையவர்கள். வாலஸ் கம்யூனிஸ்ட் அல்ல. கம்யூனிஸ்ட் கட்சி தனி வேட்பாளரை நிறுத்தினால் தனக்கு வாக்குக் கூடும் என்றுகூடப் பேசியிருக்கிறார். ஆதரவு தருகிறவர்களை விரட்டினால் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடுகிறவர்களோடு சேர்ந்தவனாவேன் என்பது அவர் தயக்கம். ஒழுக்க அளவில் அது புரிகிறது. அரசியல் அளவில், உழைப்பை எல்லாம் பிறர் கையில் விட்டுவிட்டுப் பேசுவதை மட்டும் தன் வேலையாக வைத்துக்கொண்ட வேட்பாளரின் அலட்சியமாகவே படுகிறது. ட்ரூமன் தரப்போ 1947 இறுதியிலேயே உத்தி வகுத்திருந்தது: கொள்கையில் இடப்பக்கம் நகர்வது, வாலஸை மாஸ்கோவோடு சேர்த்துக் கட்டுவது. எலினோர் ரூஸ்வெல்ட்டும் பெரிய தொழிற்சங்கங்களும் வாலஸைக் கைவிட்டார்கள்.

இந்தத் தேர்தல் பயணத்தில் யாரும் குறைசொல்ல முடியாத பகுதி தெற்கில் நடந்தது. ஆகஸ்ட் இறுதியில் தொடங்கிய பயணத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது: கறுப்பரும் வெள்ளையரும் பிரித்து உட்காரவைக்கப்படும் கூட்டத்தில் பேசுவதில்லை, கறுப்பரைச் சேர்க்காத விடுதியில் தங்குவதில்லை. இவ்வளவு பெரிய பதவி வகித்த எவரும் அதற்கு முன் இதைச் செய்ததில்லை. வடகரோலினாவில் டர்ஹம் தொடங்கி ஊருக்கு ஊர் முட்டையும் தக்காளியும் வீசினார்கள். டர்ஹமில் ஆதரவாளர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டார். கறுப்பர் வீடுகளில் தங்கி, அவர்கள் சபைகளில் பேசி, பயணத்தை முடித்தார் வாலஸ். வாக்குக் கணக்கில் இந்த மாநிலங்களில் அவருக்குக் கிடைக்கக்கூடியது ஒன்றுமில்லை. அங்கே கறுப்பர்களில் பெரும்பாலோருக்கு வாக்கே இல்லை. முற்போக்குக் கட்சி மாநாடு முடிந்த மறுநாள், ஜூலை 26 அன்று, ராணுவத்தில் பிரிவினையை நீக்கும் ஆணையில் ட்ரூமன் கையெழுத்திட்டார். வடக்கு நகரங்களின் கறுப்பர் வாக்கு வாலஸுக்குப் போய்விடுமோ என்ற அச்சத்துக்கு அதில் பங்கு இருந்தது.

நியூயார்க், மிச்சிகன், மேரிலாந்து மூன்றிலும் டியூவி வென்ற வித்தியாசத்தைவிட வாலஸ் பெற்ற வாக்கு அதிகம். அப்படியும் ட்ரூமன் வென்றார். 1950இல் கொரியப் போரை வாலஸ் ஆதரித்தார்; கட்சி எதிர்க்க, விலகினார். 1952இல் தான் எங்கே தவறினேன் என்று பத்திரிகையில் எழுதினார்: கோலிமாவில் ஏமாந்ததையும் ஸ்டாலினைத் தவறாக எடைபோட்டதையும் ஒப்புக்கொண்டார். காலனிகள், இனப் பிரிவினை, பட்டினி பற்றிச் சொன்ன எதையும் திரும்பப் பெறவில்லை. நியூயார்க் மாநிலத்துச் சவுத் சேலம் பண்ணையில் கோழியும் ஸ்ட்ராபெரியும் கிளாடியோலஸ் பூவும் ஒட்டுச் சேர்த்துக்கொண்டிருந்து, 1965 நவம்பர் 18 அன்று ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோயால் இறந்தார்.

அவர் அதிபராகியிருந்தால் என்ற கேள்வியில் எனக்கு ஆர்வமில்லை. செனட்டில் நண்பர்கள் அதிகம் இல்லாத, பேரத்தை வெறுத்த ஒருவர் அந்த நாடாளுமன்றத்தை வைத்து எவ்வளவு சாதித்திருப்பார் என்பது ஐயமே. 1948 அறிக்கையை வைத்து எடைபோடுவது மேல். அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் அது கேட்ட மாநிலத் தகுதி 1959இல் கிடைத்தது. மத்தியத் தேர்தல்களில் வாக்குரிமை வரி 1964இல் அரசமைப்புத் திருத்தத்தால் போனது. 18 வயது வாக்குரிமை 1971இல் வந்தது. ஜப்பானிய வம்சாவளியினரிடம் அரசு மன்னிப்புக் கேட்டு இழப்பீடு தர 1988 ஆனது. கும்பல் கொலைக்கு எதிரான மத்தியச் சட்டம் 2022இல்தான் கையெழுத்தானது. வங்கிகள் பொதுவுடைமை என்பதை யாரும் பிறகு தீவிரமாக எடுக்கவில்லை. மருத்துவக் காப்பீட்டை ட்ரூமனும் 1945 முதல் கேட்டு, நாடாளுமன்றத்தில் தோற்றார். வாலஸ் இறந்த ஆண்டில் லிண்டன் ஜான்சன் கொண்டுவந்த சட்டம் 65 வயதைக் கடந்தவர்களோடும் பரம ஏழைகளோடும் நின்றது. எல்லோருக்கும் காப்பீடு என்பதை 2016இலும் 2020இலும் பெர்னி சாண்டர்ஸ் மறுபடி முன்வைத்தார். இரண்டு முறையும் கட்சியின் வேட்பாளர் நியமனம் அந்தக் கோரிக்கையை ஏற்காதவர்களுக்கே போனது.